எண்ணெய் பாட்டிலில் தெரிந்த கோலின்

1. முதல் நாள், கடலை எண்ணெய்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுக்கப்பட்டது ஒரு பாக்கெட் கடலை எண்ணெய்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. புனேயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு பெரிய பெரிய விஷயங்களைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் புதுச் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மேலதிகாரி ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை நீட்டி, இந்த எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சேலையில் எண்ணெய் சிந்தியதுதான் அன்றைக்கு நடந்த பெரிய விஷயம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்காக இதை எழுதுவதால், மெஷின் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலமான காந்தத்துக்குள் ஒரு பொருளை வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அதிலுள்ள ஹைட்ரஜன் பதில் குரல் கொடுக்கும். நீரில் இருக்கும் ஹைட்ரஜனின் குரல் ஒரு சுருதி, கொழுப்பில் இருப்பதன் குரல் வேறு சுருதி. அந்தக் குரல்களைப் பிரித்துக் கோடாக வரைந்தால் அதுதான் ஸ்பெக்ட்ரம். ஒவ்வொரு குரலும் கோட்டில் ஒரு மேடாக எழும். அதைப் பீக் என்போம். மேடு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அளவுகோல் பி.பி.எம். நீர் 4.7-இல் நிற்கும். கொழுப்பின் முக்கிய மேடு 1.3-இல் நிற்கும். ஆஸ்பத்திரியில் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் இதே காந்த வித்தைதான். படம், உடம்பில் ஒன்று எங்கே இருக்கிறது என்று காட்டும். ஸ்பெக்ட்ரோஸ்கோபி அது என்ன என்று கேட்டுச் சொல்லும்.

அந்தக் கூடத்தில் சில வருஷங்கள் எண்ணெய்களோடு குடித்தனம் நடத்தினேன். கடலை, எள், சூரியகாந்தி, டால்டா எல்லாவற்றின் மேடுகளும் எனக்கு மனப்பாடம். 2.8-இல் ஒரு சின்ன மேடு, அதன்பின் 4.1-இல் அடுத்தது. நடுவில் எந்த எண்ணெய்க்கும் எதுவும் கிடையாது. வெறும் சமவெளி. அந்தச் சமவெளிதான் பின்னால் ஒரு மனிதரின் காலைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2. தொடையில் ஒரு கட்டி

இரண்டாயிரத்துக்குப் பிறகு நகரத்தின் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர். ஃபிசிசிஸ்டாகச் சேர்ந்தேன். எங்கள் ரேடியாலஜிஸ்ட் டாக்டர் ஜோக்ளேகர் மேடம். குட்டையான உருவம், கனத்த குரல், எதையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடாத பழக்கம். என்னை வேலைக்கு எடுத்ததே அவர்தான். மூளைக் கட்டிகளுக்கு ஸ்பெக்ட்ரோஸ்கோபி செய்வது எங்களுக்கு அன்றாட வேலையாகியிருந்தது.

அதில் நாங்கள் தேடுவது கோலின் என்ற பொருளின் மேடு. செல்கள் தங்களுக்குச் சுவர் கட்டப் பயன்படுத்தும் சரக்கு அது. கட்டடம் மளமளவென்று எழும் இடத்தில் சிமென்ட் மூட்டை குவிந்திருப்பது போல, செல்கள் கட்டுமீறிப் பெருகும் இடத்தில் கோலின் குவியும். அதன் இடம் 3.2.

முருகேசன் எங்களிடம் வந்தது தொடைக் கட்டிக்காக. சிஞ்ச்வட்டிலிருந்து சாகண் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். வலது தொடையின் உள்ளே, முன்பக்கத் தசைகளுக்கு நடுவில், மாம்பழ அளவில் ஒரு கொழுப்புக் கட்டி. டேபிளில் படுக்க வைத்து இந்தியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகில் குளிர்ச்சி பட்டதும் அவர் வாயிலிருந்து "அம்மாடி, என்னா சில்லுனு இருக்குது" என்று வந்தது. நான் தமிழில், கம்பளி தரட்டுமா என்று கேட்டேன்.

"அரே, நீங்க தமிளா? மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ நேரம் இந்தி பேசி கஷ்டப்பட்டிருக்க மாட்டேனே அக்கா."

நான் கட்கியில் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவர் ஆற்றுக்கு மறுபக்கம் தாபோடியில். அவருடைய அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் தெரிந்த கோவில், தெரிந்த இட்லிக்கடை எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு, குரலைப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயிலைத் தொடையில் சுற்றிக் கட்டும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரே ஒரு பாத், ஒரு விசயம் அக்கா. கட்டி இருந்துட்டுப் போவுது. ஆபரேசன் பண்ணா இந்தக் காலால பிரேக் மிதிக்க முடியுமா? அத மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கொழுப்புக் கட்டிகளில் பெரும்பாலானவை லைப்போமா. சாது, கத்தி பட்டதும் தனியாக உருண்டு வந்துவிடும். அபூர்வமாகச் சில, லைப்போசார்கோமா என்னும் புற்று. அது வந்தால் சுற்றியுள்ள தசையையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுக்க வேண்டும். முருகேசனுக்கு ஏற்கனவே இரண்டு முறை ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டு முறையும் வெறும் கொழுப்பு என்றே முடிவு. ஆனால் படத்தில் கட்டியின் நடுவே தடித்த ஒரு திரை தெரிந்தது. சாதுவான கட்டியில் அப்படி ஒரு திரை இருப்பது சந்தேகத்துக்குரியது. ஊசி அந்த இடத்தைத் தவறவிட்டிருக்கலாம். அந்தத் திரையில் கோலின் இருக்கிறதா என்பதே எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

கொழுப்புக்குள் கோலினைத் தேடுவது, சிம்மகட் மலையடியில் ஒரு ஸ்பீட் பிரேக்கரைத் தூரத்திலிருந்து தேடுவது போன்றது. கொழுப்பின் மேடு அவ்வளவு பெரியது. சிறிய கட்டமாக அளவெடுத்து, காந்தப்புலத்தைக் கையாலேயே சீர் செய்து, பொறுமையாகப் பதிவு செய்தேன். கம்ப்யூட்டரில் கோடு எழுந்தது. 3.2-இல் ஒரு மேடு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது.

முருகேசன் கம்பளியை மடித்துக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் சொல்வார் என்று மட்டும் சொன்னேன்.

3. கோகலே கேட்டது

சர்ஜன் டாக்டர் கோகலே மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார். உயரமானவர், சிரித்த முகம், ஆனால் படங்களைப் பார்க்கும்போது சிரிப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். ஸ்பெக்ட்ரத்தின் பிரின்டை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். பிறகு மராத்தியில் தன் நிலைமையைச் சொன்னார். இரண்டு ஊசிகளும் கொழுப்பு என்கின்றன. எங்கள் கோடு புற்று என்கிறது. சந்தேகமுள்ள கட்டியைச் சும்மா திறந்து பார்த்து மூட முடியாது. கெட்டதாக இருந்தால் நாமே பரப்பிவிட்டவர்கள் ஆவோம். இந்தக் கோடு மேசையில் இருக்கும்வரை, மூன்றாவது ஊசியும் வெறும் கொழுப்பு என்று சொன்னால் அதைத் தன்னால் நம்ப முடியாது. ஆகவே தசையோடு சேர்த்து அகலமாக எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றார்.

பிரேக் பற்றி நான் கேட்டேன். நடப்பார், மாடி ஏறுவார், ஆனால் பஸ் ஓட்ட விடமாட்டேன் என்றார் கோகலே. பிறகு என்னைப் பார்த்து, பிரின்டை விரலால் தட்டினார்.

"நான் இவர் காலை வெட்டப்போறது உங்க கோட்டை நம்பி மேடம். இது மேல கத்தி வைக்கலாமா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. தனக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்ள நினைக்கும் மனிதரின் குரல். ஜோக்ளேகர் மேடம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் சென்டரில் அதுவரை நாங்கள் கோலின் தேடியதெல்லாம் மூளையில். கொழுப்பு மலையின் அடிவாரத்தில் தேடுவது இதுவே முதல்முறை. தெரியவில்லை, சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்றேன். கோகலே ஆபரேஷன் தேதியைத் தள்ளி வைத்தார்.

4. ஷேங்தானா என்ற பேஷண்ட்

கோகலே போனதும் மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"செல்லே இல்லாத கொழுப்பு ஒண்ணு வேணும். அதுல கோலின் இருக்கவே முடியாது. அதை இவரைப் போலவே ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். அப்படி ஒரு கொழுப்புக்கு எங்க போறது?"

"கேன்டீனுக்கு" என்றேன்.

கேன்டீன் சாந்தாபாய் கடலை எண்ணெயை ஒரு பாட்டிலில் நிறைய ஊற்றிக் கொடுத்தார். காந்தத்துக்குள் பஜ்ஜி போடப் போகிறீர்களா, போட்டால் எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இப்படி மனிதருக்குப் பதிலாக வைக்கும் பொருளை நாங்கள் ஃபேன்டம் என்போம். காலையில் நோயாளிகள் வரத் தொடங்குமுன் பாட்டிலை டேபிளில் படுக்க வைத்தோம். தொடை அளவு கனம் இருப்பதாக மெஷின் உணர வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் சலைன் பைகளை அண்டக் கொடுத்து, முருகேசனுக்குச் சுற்றிய அதே காயிலைச் சுற்றினேன். பெயர், எடை, ஆணா பெண்ணா எல்லாம் கொடுக்காவிட்டால் கன்சோல் அடுத்த பக்கத்துக்கு நகராது. மேடம், பெயரை ஷேங்தானா என்று போடச் சொன்னார், மராத்தியில் வேர்க்கடலை. எடைக்கு முருகேசனின் எடையைப் போட்டேன். செட்டிங் எதையும் மாற்றவில்லை.

கோடு வந்தது. 1.3-இல் மலை. அப்புறம் எனக்கு மனப்பாடமான சின்ன மேடுகள். பிறகு, எந்த எண்ணெயிலும் எதுவுமே இருக்கக் கூடாத அந்தச் சமவெளியில், 3.2-இல், ஒரு மேடு.

மேடம் முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு பாட்டில் இருந்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

நான் வளர்ந்த குவார்ட்டர்ஸ் ரயில் பாதைக்கு அருகில் இருந்தது. அப்பா முகம் மழிக்கும் கண்ணாடி ஆணியில் தொங்கும். பம்பாய் வண்டி கடக்கும்போது கண்ணாடி நடுங்கும். அதில் தெரியும் முகத்தின் ஓரம் இரண்டு பக்கமும் ஒன்று போல இரட்டிக்கும். அப்பா கத்தியை எடுத்துவிட்டு, வண்டி போகும்வரை பொறுத்திருப்பார். ஸ்கேன் மெஷினுக்குள் டக் டக்கென்று சத்தம் வருகிறதே, அது மெஷினுக்குள்ளேயே இருக்கும் வேறு பெரிய காயில்கள் அதிர்வதால் வரும் சத்தம். அவை அதிரும்போது காந்தப்புலமும் துளி நடுங்கும். மலை போன்ற ஒரு மேடு இருந்தால் அந்த நடுக்கத்தில் அதற்கும் இரு பக்கம் நிழல் விழும். படித்திருந்தேன், பார்த்ததில்லை. மூளைக்குள் இவ்வளவு கொழுப்பு இல்லாததால் பார்க்க வாய்ப்பும் வந்ததில்லை.

நிழல் என்றால் ஜோடியாகத்தான் விழ வேண்டும். வலப்பக்கம் ஒன்று இருந்தால் இடப்பக்கம் அதே தூரத்தில் இன்னொன்று. 1.3-க்கும் 3.2-க்கும் தூரம் 1.9. மறுபக்கம் அதே தூரம் போனால் பூஜ்யத்தைத் தாண்டி, மைனஸ் 0.6.

எங்கள் பிரின்ட் பூஜ்யத்தில் தொடங்கி நாலரையில் முடியும். மூளைக்குத் தேவையானதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்பதால் வைத்த ஜன்னல். தொடைக்கும் அதே ஜன்னலைத்தான் வைத்திருந்தோம். கர்சரைப் பிடித்து மைனஸ் இரண்டிலிருந்து ஏழு வரை ஜன்னலை விரித்தேன்.

அங்கே நின்றது அதன் இரட்டை. மைனஸ் 0.6-இல், அதே உயரத்தில்.

மேடம் கையை நீட்டி, முருகேசனின் பழைய பதிவைத் திறக்கச் சொன்னார். திறந்து, அதன் ஜன்னலையும் விரித்தேன். அவருடைய கோட்டிலும் அதே இடத்தில் அதே இரட்டை. நாங்கள் அவர் தொடையில் பார்த்தது கோலினை அல்ல, மெஷினின் நடுக்கத்தை. மேடம் என் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். அந்தக் குட்டைக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உடனே கோகலேயைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். மேடம் தடுத்தார்.

"பேய் இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. பேய்க்குப் பின்னால திருடன் ஒளிஞ்சிருக்கானான்னு யார் பாக்கறது?"

அவர் சொன்னது சரி. போலி மேட்டின் அடியில் நிஜக் கோலின் சிறிதாக இருந்தால்? நிழலுக்கும் நிஜத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தட்டிய பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துக் குரலைக் கேட்கிறோம் என்பதற்கு டி.இ. என்று பெயர். அதை மாற்றிக்கொண்டே போனால் நிஜ மேடு மெல்லத் தேய்ந்துகொண்டு வரும், இடம் மாறாது, தலைகீழாகாது. நிழலோ ஒரு தடவை மேலே எழும், ஒரு தடவை கீழே கவிழும். பல டி.இ.களில் எடுத்துக் கூட்டிவிட்டால் நிழல்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடும், நிஜம் மிஞ்சும்.

அப்படிச் செய்தால் நிஜம் உண்மையிலேயே மிஞ்சுமா என்பதையும் பார்த்தோம். என் பழைய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்க் கொஞ்சம் கோலின் கேட்டு வாங்கி வந்து, நீரில் கரைத்துச் சிறு குப்பியில் அடைத்து, எண்ணெய் பாட்டிலுக்குள் இறக்கினேன். குப்பியின் ஓரத்தில் அளவெடுத்தபோது கோலின் நின்றது. வெறும் எண்ணெயில் எடுத்தபோது 3.2 துடைத்துவிட்டது போல இருந்தது. அதற்குப் பிறகே முருகேசனை மறுபடி வரச் சொன்னோம்.

இந்த முறை நீண்ட நேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்று சொன்னேன்.

"சாகண் சௌக்ல சிக்னல் விளாம இதவிட ரொம்ப நேரம் நின்னுருக்கேன் அக்கா. நீங்க ஆரம்பிங்க."

அவர் அசையவில்லை. ஒவ்வொரு டி.இ.யாக எடுத்தேன். 3.2-இல் இருந்த மேடு எழுந்தது, சரிந்தது, தலைகீழானது. கூட்டிப் பார்த்தபோது 2.8-க்கும் 4.1-க்கும் நடுவில் எதுவும் இல்லை. முதல் நாள் குழாயில் நான் பார்த்த அதே சமவெளி. மேடம் இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

5. பிரேக்

கோகலே வந்தபோது நாங்கள் எதுவும் சொல்லாமல் எண்ணெயின் கோட்டை மட்டும், பழைய குறுகிய ஜன்னலில், விளக்குப் பலகையில் மாட்டினோம். 3.2-ஐப் பார்த்து அவர் முகம் இறுகியது. பேஷண்ட் யார் என்று கேட்டார். மேடம் மேசையடியிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு வாசலில் விட்டுவந்த சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சரி, இந்தம்மாவுக்கு எப்ப ஆபரேஷன் வைக்கலாம்?"

விரித்த ஜன்னல், இரட்டை, குப்பிப் பரிசோதனை, முருகேசனின் புதுக் கோடு எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினோம். அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். எல்லாமே நல்ல கேள்விகள். கடைசியில், இப்போது மூன்றாவது ஊசி என்ன சொன்னாலும் நம்புவேன் என்றார். நாங்கள் அளவெடுத்த அதே திரைக்குக் குறிவைத்து ஊசி செலுத்தப்பட்டது. முடிவு வந்தது: செத்துத் தடித்த கொழுப்பு, புற்றின் அடையாளம் ஏதும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் அந்தத் தொடை டிரைவர் பக்கக் கதவின் தாழ்ப்பாளில் இடித்துக்கொண்டிருந்ததாம், அந்த அடியில்தான் கொழுப்பு செத்திருக்க வேண்டும். கேட்டபோதுதான் முருகேசனே சொன்னார். கோகலே கட்டியை மட்டும், தசையைத் தொடாமல், முழுசாக உருட்டி எடுத்தார். முழுக் கட்டியையும் சோதித்த பேத்தாலஜியும் லைப்போமா என்றே சொன்னது.

கொழுப்புள்ள இடங்களில், பிறகு மார்பகக் கட்டிகளிலும், ஸ்பெக்ட்ரோஸ்கோபி செய்ய எங்களுக்குத் தைரியம் வந்தது இதற்குப் பின்புதான். எங்கள் கோடு தீர்ப்பு அல்ல, சாட்சி. தீர்ப்பு சொல்வது திசுப் பரிசோதனை. ஆனால் பொய் சொல்லாத சாட்சியாக அதை ஆக்க முடியும் என்று தெரிந்துகொண்டோம். புதிதாகச் சேரும் எவரும் கொழுப்பில் கை வைக்குமுன் ஷேங்தானாவை ஸ்கேன் செய்து, மைனஸ் இரண்டிலிருந்து ஏழு வரை விரித்துப் பார்த்து, பேயை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். எண்ணெயை அவ்வப்போது மாற்றுவோம். சாந்தாபாய் இன்றும் பஜ்ஜி கேட்கிறார்.

நான் கற்ற பாடம் இதுதான்: எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது தெரிந்தால், உடனே ஜன்னலை விரியுங்கள். தெரிவது உண்மையா என்பதற்கான சாட்சி பெரும்பாலும் நாம் பார்க்காமல் வெட்டிவிட்ட பக்கத்தில் நிற்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, கட்கியில் பழைய பம்பாய் ரோட்டைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன். தூறல், வழுக்கும் ரோடு, யாரும் நிற்பதாக இல்லை. ஒரு கம்பெனி பஸ் வேகமாக வந்து, வேகம் குறைந்து, வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே கம்பியைப் பிடித்து நின்ற ஷிஃப்ட் ஆட்கள் ஒருவர்கூட முன்னால் சாயவில்லை. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது.

"பாத்தீங்களா அக்கா? ஒரு குலுக்கு உண்டா?"

பின்னால் ஹாரன்கள் அலறின. முருகேசன் திரும்பியே பார்க்கவில்லை.

"நீங்க நெதானமா போங்க. நான் மிதிச்சுட்டுத்தான இருக்கேன்."

நிதானமாகக் கடந்து போனேன்.